பத்து மணி விமானம்

மத்தியானச் செய்தியில் அது வந்தபோது குஞ்சிதபாத குருக்கள் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தார். லண்டனிலிருந்து கிழக்கே வந்த விமானம் ஒன்று இத்தாலியில் மலைமேல் மோதிவிட்டதாம். இந்திய நேரம் பதினொன்றரை. ஒருவரும் தப்பவில்லையாம்.

அவருடைய ஒரே பிள்ளை சோமநாதன் லண்டனில் படிப்பை முடித்துவிட்டு அன்றைக்குத்தான் திரும்புகிறான். காலை பத்து மணிக்கு விமானம் என்று எழுதியிருந்தான். பத்துக்குக் கிளம்பினது பதினொன்றரைக்கு இத்தாலியில் இருக்காதா? அண்ணாமலையாருக்கு விடிந்தால் உலகத்துக்கே விடிந்தது என்று ஆறு கால பூஜை செய்து பழகிய மனுஷருக்கு வேறு கணக்கு எப்படித் தோன்றும்?

சாயங்காலம் நடை திறக்க வேண்டியவர் அவர்தான். பிள்ளை போயிருந்தால் அப்பனுக்குத் தீட்டு. தீட்டோடு சுவாமியைத் தொடலாமா? மனைவியிடம்கூட மூச்சு விடாமல், அதே கோயிலில் பூஜை செய்யும் சோமசேகர குருக்கள் வீட்டுக்கு ஓடினார். உடம்பு சரியில்லை, இன்றைக்கு நீ பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

விஷயம் அவருக்கு முன்னால் அடுக்களைக்குப் போய்விட்டது. அபீதகுஜாம்பாள் வந்து தலைமாட்டில் நின்றாள்.

"ஒடம்பு சரியில்லேன்னா கூடப்பொறந்த தம்பியைக் கேக்கறதுதானே? ஒட்டும் உறவும் இல்லாத மனுஷரை ஏன் கேட்டேள்?"

தம்பிக்கும் தீட்டு உண்டு என்பது அவளுக்குத் தெரியாதா? மத்தியானச் செய்தியையும் இவர் பதறி ஓடியதையும் சேர்த்துப் பார்த்ததும் அவளுக்கு நொடியில் புரிந்துவிட்டது.

"என் கொழந்தைக்கு நீங்களே தீட்டு காத்துட்டேளா!" என்று அவள் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டுப் பூகோள வாத்தியார் பரசுராமன் ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"சாமி, அங்க பத்து மணின்னா நமக்கு மத்தியானம் மூணரை. இப்ப மூணுதான் ஆவுது. விழுந்தது வேற விமானங்க. உங்க புள்ள இன்னும் ஏறவே இல்ல!"

குருக்கள் குழந்தைபோல அழுதார். அவளும் அழுதாள். ஆனால் அவள் அழுகை சட்டென்று நின்றது.

"அப்போ இனிமேதான் ஏறப்போறானா? தந்தி குடுத்து நிறுத்தப்படாதா?"

"தந்தி போறதுக்குள்ள விமானம் கெளம்பிடுமுங்க. பம்பாய்க்கு நாலாயிரத்தைந்நூறு மைல். நடுவுல எறங்கி ஏறி வந்துசேர விடியக்காலம் ஆயிடும்."

அவனும் அதே வானத்தில், அதே மலைமேல்தான் வர வேண்டும். போன உயிர் திரும்பிவந்த சந்தோஷம் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கும் நேரம்கூட நிலைக்கவில்லை. குருக்கள் கிணற்றடியில் நாலு குடம் தலையில் கொட்டிக்கொண்டு, ஈர வேஷ்டியோடு கோயிலுக்குக் கிளம்பினார். வாசலில் அவள் மறித்தாள்.

"இன்னிக்கு வேற யாரையும் விடாதேள். நீங்க சுவாமிகிட்ட நிக்கற வரைக்கும் அவனுக்கு ஒண்ணும் ஆகலேன்னு நான் இருப்பேன்."

"ராத்திரி நடை சாத்தணுமேடி," என்றார் குருக்கள். "அப்போ அவன் பாதி வழியிலதானே இருப்பான்?"

அவள் வழியை விட்டு விலகினாள்.