யோகமலருக்குத் தலைவர் எழுதிய கடிதம்

எங்கள் கோயில் தலைவர் நவரட்ணசிங்கத்தை கனடாவின் ஸ்காபரோவில் தெரியாதவர்கள் இல்லை. வீடு விற்கும் முகவர். பஸ் தரிப்பிட வாங்கில்களில் தன் முகத்தைப் பெரிதாக அச்சடித்து ஒட்டியிருக்கிறார். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் சனம் அந்த முகத்தில்தான் முதுகைச் சாய்த்துக்கொண்டு இருக்கும். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஒரு திருப்தி.

இருபத்திரண்டு வருசமாக நான் குடிவரவுக் கேஸ் பார்க்கும் ஒரு கந்தோரில் படிவம் நிரப்புகிறேன், மொழிபெயர்க்கிறேன். தலைவரிடம் நற்சான்றுக் கடிதம் வாங்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். எல்லாரும் அதற்கு முதல் கோயில் அண்டாக்களைக் கழுவியவர்கள். அவர் வாய் திறந்து கழுவச் சொல்லமாட்டார். "கடிதம்தானே, பாப்பம், பாப்பம்" என்று மட்டும் சொல்வார். அந்தப் 'பாப்பம்' முடிவதற்குள் அண்டா பளபளவென்று ஆகிவிடும்.

யோகமலர் ஆறு வருசம் கழுவினாள். நாற்பத்தேழு வயது. புருசன் முள்ளிவாய்க்காலில் காணாமல் போனவர். எட்டு வருசத்துக்கு முன் இங்கே வந்து அகதியாகக் கேட்டாள், மறுத்தார்கள். அப்பீல் செய்தாள், அதையும் மறுத்தார்கள். கிழமையில் ஆறு நாள் ஒரு சாப்பாட்டுக் கடையில் இடியப்பம் பிழிவாள். மிச்ச நாள் கோயில் மடைப்பள்ளி. அவளுக்கு இனி இருந்தது ஒரே வழி, மனிதாபிமானக் கேஸ். சட்டப்படி எனக்கு இங்கே இருக்க உரிமை இல்லை, ஆனாலும் இரக்கப்பட்டு நிரந்தரமாக இருக்க விடுங்கள் என்று அரசாங்கத்தைக் கேட்பது.

இரக்கத்தையும் அவர்கள் பன்னிரண்டு பக்கப் படிவத்தில்தான் வைத்திருக்கிறார்கள். இரண்டு விசயம் காட்ட வேண்டும். ஒன்று, இங்கே நீ காலூன்றிவிட்டாய். மற்றது, திரும்பிப் போனால் உனக்குப் போக்கிடம் இல்லை.

போக்கிடம் இல்லாத கதையை என் கந்தோரில், கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுத்தான் சொன்னாள். உரும்பிராயில் தாய் அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. தமையன் சிவானந்தன், வரிக் கடுதாசி என்று சொல்லிக் கையெழுத்து வாங்கி, அதைத் தன் பெயருக்கு மாற்றிவிட்டான். பிறகு ஒரு நாள் அவளைப் படலைக்கு வெளியே விட்டுவிட்டான். நான் அதைச் சத்தியக்கடதாசியாக எழுதி ஒப்பமும் வாங்கினேன்.

காலூன்றியதற்குக் கோயில் கடிதம் வேண்டும். நாலு மாசம் 'பாப்பம்' நடந்தது. ஐந்தாம் மாசம் யோகமலர் கோயில் முத்திரை வைத்த ஒரு கடித உறையைக் கொண்டுவந்து, பிரசாதம் தருகிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினாள்.

"ஐயா தானே இருந்து எழுதினவர் அக்கா. இங்கிலீசிலை."

அதை நான் வாசிக்கவில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தக் கடிதங்களை எல்லாம் நான் வாசிப்பதை விட்டுப் பல வருசம். உழைப்பாளி, நேர்மையானவர், இறைபக்தி மிக்கவர், சமூகத்துக்குப் பெரும் சொத்து: எல்லாருக்கும் ஒரே வார்த்தை, பெயர் மட்டும் மாறும். ஒருமுறை ஒரு ஆம்பிளையின் கடிதத்தில் 'அவள்' என்றே இருந்தது. இப்படிக் கடிதம் எழுதுகிறவர்கள் மேல் எனக்கு இருந்த இளக்காரத்தில் துளை போட்டு, கோப்பில் கோத்து, அனுப்பிவிட்டேன்.

பத்து மாசத்தில் மறுப்பு வந்தது.

இருந்த இடத்திலேயே பிரித்து வாசித்தேன். அதிகாரி எழுதியிருந்தார்: விண்ணப்பதாரி தமக்கு வீடு இல்லை என்றும் சகோதரர் துரத்திவிட்டார் என்றும் சத்தியம் செய்கிறார். ஆனால் அவரை ஆறு வருடம் அறிந்த, நம்பத்தகுந்த சமூகத் தலைவர் ஒருவரின் கடிதப்படி, விண்ணப்பதாரி உரும்பிராயின் உயர்ந்த குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். மாமரங்கள் சூழ்ந்த விசாலமான வீடு அவர் பெயரில் உள்ளது. அன்பான சகோதரர் வங்கி முகாமையாளர். ஊரே அவரை மதிக்கிறது. ஆகவே திரும்பிச் செல்வதில் அவருக்குக் கஷ்டம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் பெரிய மனிதர்களுக்கு ஒரு பெண்ணைப் பற்றி எழுதச் சொன்னால் ஒரே ஒரு மாதிரிதான் எழுத வரும். மாப்பிள்ளை வீட்டாருக்கு எழுதுகிற மாதிரி. குடும்பம், வீடு, காணி, அண்ணனின் உத்தியோகம். கனடா அரசாங்கம் என்ன, அவளைப் பெண் கேட்டா வந்தது?

யோகமலரைக் கூப்பிட்டு வரிவரியாகத் தமிழில் சொன்னேன். சாப்பாட்டுக் கடை உடுப்போடு, கையில் மாப்படிந்தபடி இருந்து கேட்டாள்.

"எனக்கு வீடு இருக்கெண்டு அவங்கள் நம்பிட்டாங்களோ அக்கா?"

"நம்பாமல்? முத்திரை குத்தியெல்லோ குடுத்திருக்கு! ஆர் உந்த ஆளுக்கு இதெல்லாம் சொன்னது?"

தலை குனிந்தாள். "நான்தான்."

"நீரோ? உமக்கென்ன விசரோ?"

"மடைப்பள்ளியிலை வைச்சுக் கேட்டவர் அக்கா. ஊரிலை ஆர் இருக்கினம், வீடுவாசல் எப்பிடி எண்டு. சுத்திவர எல்லாரும் மரக்கறி வெட்டிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு இருக்கினம். அவையளுக்கு முன்னாலை என்னெண்டு சொல்லுறது, கூடப்பிறந்தவன் நாயைக் கலைக்கிற மாதிரிக் கலைச்சவன் எண்டு? நல்லாத்தான் இருக்கினம் எண்டு சொல்லிப்போட்டன்."

எனக்கு வந்த கோபத்தில் அவளை அறைந்திருப்பேன். பிறகு, அந்தக் கடிதம் என் கையால் போனது என்று நினைத்ததும் கோபம் என் பக்கம் திரும்பிவிட்டது. அவள் வெட்கத்தில் ஒரு பொய் சொன்னாள். நான் திமிரில் வாசிக்காமல் விட்டேன். அவளுடையதை மன்னிக்கலாம்.

புதிதாக விண்ணப்பம் போட வழி இருந்தது. ஆனால் எல்லைக்காவல் அலுவலகம் மாசக் கடைசியில் அவளைக் கூப்பிட்டிருந்தது. அன்றைக்கு விமான நாள் குறிப்பார்கள். அதற்குள் புது விண்ணப்பம், அதோடு தலைவர் தன் கடிதத்தைத் தானே திருத்தி எழுதிய ஒரு கடிதமும் வேண்டும். அது இல்லாவிட்டால் அவளைப் பொய்காரி என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். அதைக் கொண்டு போனால், நாள் குறிப்பதைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்கவாவது வாய் இருக்கும்.

சனிக்கிழமை காலை இரண்டு பேருமாகக் கோயிலுக்குப் போனோம். தலைவரின் அறை மடைப்பள்ளிக்குப் பக்கத்தில். கதவு எப்போதும் திறந்தே இருக்கும், அவர் வேலை செய்வதை ஊர் பார்க்க வேண்டும் அல்லவா. அப்பால் ஏழெட்டுப் பெண்கள் கத்தரிக்காயும் பூசணியும் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுப்புக் கடிதத்தை அவர் முன் வைத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தியளோ பிள்ளை! 'நம்பத்தகுந்த சமூகத் தலைவர்' எண்டெல்லோ எழுதியிருக்கிறான். வெள்ளைக்காரன் மதிக்கிறான், எங்கடை சனம்தான் மதிக்குதில்லை. இதிலை ஒரு கொப்பி தாங்கோ, ஆண்டுமலரிலை போடலாம்."

"அண்ணை, உங்கடை கடிதத்தாலைதான் இவவைப் பிளேனிலை ஏத்தப் போறாங்கள்."

"நான் என்ன பொய்யோ எழுதினனான்? அவ சொன்னதைத்தானே எழுதினனான்."

"மாமரங்கள் சூழ்ந்த விசாலமான வீடு எண்டும் அவவோ சொன்னவ?"

கொஞ்சம் தடுமாறினார். "அது... வீடெண்டால் அப்பிடித்தானே பிள்ளை எழுதிறது."

வீடு விற்று விற்று, ஒருத்தியின் உயிர்ப்பிரச்சினையையும் விளம்பரமாக எழுதிவிட்டது மனுசன். தமையன் அவளைத் துரத்தியதை எழுதுங்கள் என்று கேட்டேன். அவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கோயில் முத்திரையிலை அப்பிடி எழுதேலாது பிள்ளை. நானும் உரும்பிராய். எங்கடை ஊர்ச் சனம் பெண்பிள்ளையைத் தெருவிலை விடுகுது எண்டு வெள்ளைக்காரனுக்கு எழுதிறதே? குடும்பம் எண்டால் சின்னச் சின்னச் சண்டை இருக்கும்தான். நான் ஒரு சொல்லுச் சொன்னால் தமையன் கேப்பார். இப்பவே போன் எடுக்கிறன்."

"வேண்டாம் ஐயா," என்றாள் யோகமலர்.

கேட்கிற ஆளா? ஊரில் யாரிடமோ சிவானந்தனின் இலக்கத்தை வாங்கி, வாட்ஸப்பில் எடுத்தார். தன் பெருமையை எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டார். அங்கே பின்னேரம் முடிகிற நேரம். வானொலிச் சத்தமும் தட்டுச் சத்தமும் கேட்டது.

"தம்பி சிவானந்தன், நான் ரொறன்ரோவிலை கோயில் தலைவர் கதைக்கிறன். உங்கடை தங்கச்சி யோகமலர் திரும்பி வரக்கூடும்..."

"ஆர், யோகமலரோ?" குரல் சட்டென்று இறுகியது. "அவ ஏன் இஞ்சை? ஆவணியிலை மகளுக்குக் கலியாணம். வீட்டை அவளுக்குச் சீதனமா எழுதியாச்சு. இந்த நேரம் தாலியறுத்தது ஒண்டு வந்து வாசல்லை நிண்டால் விளங்குமோ? அப்பவே பையளைத் தூக்கி வெளியிலை போட்டு அலுவலை முடிச்சனான். ஐயா, நீங்கள் பெரிய மனுசன், எப்பிடியெண்டாலும் அவவை அங்கையே வைச்சிருங்கோ. இஞ்சை வந்தால் படலை திறக்க மாட்டன்."

மடைப்பள்ளியில் கத்திச் சத்தம் நின்றுவிட்டது. தலைவர் தொலைபேசியைத் தட்டித் தடவி அணைத்தார். நெற்றியைத் துடைத்தார்.

"லைன் சரியில்லை," என்றார்.

இருபத்திரண்டு வருசத்தில் எத்தனையோ கோழைகளைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு வார்த்தைக்குள் முழு உடம்பையும் ஒளித்த ஒருவரைப் பார்த்ததில்லை. என் வாயில் வந்ததைச் சொல்லத்தான் போனேன். அதற்குள் யோகமலர் பேசினாள்.

"லைன் நல்லாத்தான் இருந்தது ஐயா. எழுதுங்கோ."

"பிள்ளை, எனக்கு ஒரு வீடு காட்டப் போகவேணும், ஆக்கள் நிக்கினம்..." எழுந்தார்.

அவள் வாசலை விட்டு நகரவில்லை. "எழுதிப்போட்டுப் போங்கோ. தமிழிலை எழுதுங்கோ, அக்கா இங்கிலீசுக்கு மாத்துவா."

அவருக்குப் பின்னால் சுவர், முன்னால் யோகமலர், அவளுக்குப் பின்னால் வாசல் வரைக்கும் வந்துவிட்ட பெண்கள். ஆறு வருசமாக அவருக்கு முன்னால் 'ஓம் ஐயா' தவிர வேறொன்றும் சொல்லாதவள். மனுசன் திரும்பக் கதிரையில் இருந்தார். கோயில் தாளை எடுத்தார். பேனையைத் தேடினார், சட்டைப் பையில்தான் இருந்தது.

அவள் சொல்லச் சொல்ல எழுதினார். வரிக் கடுதாசி என்று வாங்கிய கையெழுத்து. ஒரு தைப் பொங்கலுக்கு அடுத்த நாள். படலைக்கு வெளியே இரண்டு பையும் தையல் மெசினும். மழையில் மெசினுக்குச் சேலை போர்த்திக்கொண்டு பின்னேரம் வரை நின்றது. அயல் வீட்டார் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தது, ஒருவரும் வா என்று சொல்லாதது. குரலைத் தாழ்த்தவில்லை. பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்றே சொன்ன மாதிரி இருந்தது.

தலைவர் பேனையை நிறுத்தினார். "'சகோதரர் அவரை வீட்டிலிருந்து அனுப்பி வைத்தார்' எண்டு போடுவமே? வாசிக்கிறவைக்கும் ஒரு மரியாதையா இருக்கும்."

"என்னை ஒருத்தரும் அனுப்பி வைக்கேல்லை ஐயா. கலைச்சவர். கலைச்சவர் எண்டு போடுங்கோ."

போட்டார். அவள் குனிந்து, அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற பெண்களின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டிட்டியள்தானே. இனி ஆரும் என்னட்டை வந்து கேக்க வேண்டாம். போய் வெட்டுங்கோ, சனம் சாப்பிட வரப் போகுது."

திரும்பவும் மேசைப் பக்கம் வந்தாள்.

"அடுத்த வரி எழுதுங்கோ ஐயா."