ரெண்டு மன்னிப்பு

என் தம்பி கொலை பண்ணலன்னு நான் யார்கிட்டயும் சாதிச்சதில்ல. பண்ணினான். பஸ் டிப்போவுல மெக்கானிக். சம்பளத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்ட மேனேஜரோட வாய்த்தகராறு முத்தி, கையில இருந்த ஸ்பானரால ஓங்கி அடிச்சுட்டான். விழுந்த மனுஷன் எழுந்திரிக்கவே இல்ல. கோர்ட்டுல தூக்குன்னாங்க, மேல்கோர்ட்டுலயும் தூக்குன்னாங்க, வெள்ளிக்கிழமை விடியக்காலைன்னு தேதியும் குறிச்சு ஜெயிலுக்கு உத்தரவு அனுப்பிட்டாங்க. இனிமே ஜனாதிபதி மன்னிச்சாத்தான் உண்டுன்னு வக்கீல் கையை விரிச்சுட்டார்.

நம்ம நேரம் பாருங்க, அப்ப நாட்டுக்கு ரெண்டு ஜனாதிபதி.

எலக்‌ஷன்ல ஜெயிச்சது நான்தான்னு ஒருத்தர் மாளிகையை விட்டு நகரமாட்டேன்னுட்டார். இல்ல, நான்தான்னு இன்னொருத்தர் ஆத்துக்கு அந்தப் பக்கம் பதவி ஏத்துக்கிட்டார். மாளிகைக்காரர், அக்கரைக்காரர்னு ஜனங்களே பேர் வச்சாச்சு. ரெண்டு பேருக்கும் தனித்தனி மந்திரி, தனித்தனி போலீஸ், தனித்தனி ரேடியோ. நடுவுல பாலத்தை ஒரு நாள் திறப்பாங்க, ஒரு நாள் அடைப்பாங்க.

நான் யூனிஃபார்ம் தைக்கிற கடையில வேலை பார்க்கிறேன். போலீஸ், ஜெயில், தீயணைப்புன்னு எல்லாச் சட்டையும் எங்ககிட்டதான் வரும். அந்த மாசம் தோள்ல வைக்கிற சின்னத்தை மாளிகைக்காரர் மாத்தினார். அடுத்த வாரமே அக்கரைக்காரர் ஜெயிச்சுடுவார்னு ஒரு பேச்சு வந்துச்சு. எங்க முதலாளி கெட்டிக்காரர். "அழுத்தித் தைக்காதீங்கம்மா, பிரிக்கறப்ப துணி கிழிஞ்சுடும்"னார். நாங்களும் நீளநீளமா, தொளதொளன்னு தையல் போட்டுக் குடுத்தோம். அரசாங்கம்னா என்னமோ அசைக்க முடியாததுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். ஒரு பிளேடு வச்சா கையோட வந்துடும்.

"ஜெயில் நம்ம பக்கம்தான் இருக்கு, மாளிகைக்காரருக்கே மனு போடுவோம்"னார் வக்கீல். "அவர்தான் ஜனாதிபதின்னு யார் சார் முடிவு பண்ணினது?"ன்னு கேட்டேன். "அதைத்தாம்மா ரோட்டுல சுட்டுக்கிட்டு முடிவு பண்றாங்க"ன்னு சொல்லிட்டு ஃபைலைக் கட்டினார்.

தம்பி பொண்டாட்டி ஒரு வாயில்லாப்பூச்சி. அதிசயமா அன்னிக்கு வாயைத் திறந்தா. "அண்ணி, அந்தப் பக்கமும் ஒரு மனு போட்டு வச்சா என்ன? என் சித்தப்பா அங்க ஒரு மந்திரிக்கு டிரைவரா இருக்கார்."

"சும்மா கிட. ரெண்டு படகுல கால் வைக்கிற வேலையெல்லாம் வேணாம்"னேன். தலையை ஆட்டினா. மறுநாள் அம்மா வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்னு கிளம்பினா. சரி, அழுதுட்டாவது வரட்டும்னு விட்டுட்டேன்.

புதன்கிழமை மாளிகைக்காரர்கிட்ட இருந்து மன்னிப்பு வந்தே வந்துடுச்சு! அந்த நாள்ல அவர் தாராளமா மன்னிச்சுக்கிட்டிருந்தார். மன்னிச்சாத்தானே ஜனாதிபதின்னு தெரியும். ஜெயில் சூப்பிரண்டு நல்ல மனுஷன், என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சு, "நாளைக்குச் சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போங்கம்மா, ஒரு நல்ல சட்டை கொண்டுவாங்க"ன்னார். ராத்திரியே நீலச் சட்டையைத் துவைச்சுக் காய வச்சேன். எத்தனையோ மாசத்துக்கப்புறம் அன்னிக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுநாள் சட்டையை எடுத்துக்கிட்டுப் போனா, சூப்பிரண்டு ரூமுக்கு வெளியில பெஞ்சுல ரெண்டு பேர். ஒருத்தன் மாளிகை ஆள், இன்னொருத்தன் அக்கரை ஆள். ஒருத்தன் சிகரெட்ல இன்னொருத்தன் பத்த வச்சுக்கிட்டிருந்தான். உள்ள சூப்பிரண்டு சட்டையில ஒரு சின்னமும் இல்ல. பிரிச்ச நூல் மட்டும் துருத்திக்கிட்டு நிக்குது. மேஜைக் கண்ணாடிக்கு மேல ரெண்டு பேப்பர்.

"அக்கரையில இருந்தும் ஒரு மன்னிப்பு வந்திருக்கும்மா. உங்க தம்பி சம்சாரம் கேட்டு வாங்கியிருக்காங்க."

அடிப் பாவின்னு நெனச்சேன். ஆனா சத்தியமாச் சொல்றேன், உள்ளுக்குள்ள சந்தோஷம்தான். "நல்லதாப் போச்சு சார். ரெண்டு பேரும் விடச் சொல்லிட்டாங்க. அப்புறம் என்ன?"

"பேச்சு ஒண்ணுதாம்மா, பேசுற வாய் ரெண்டு. எந்தப் பேப்பரை வச்சு விட்டேன்னு நான் எழுதணும். எதை எழுதினாலும், இவர்தான் ஜனாதிபதின்னு நான் சொன்ன மாதிரி. அதைப் பார்க்கத்தான் வெளியில ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க. ஒண்ணு மட்டும் வந்திருந்தா, வந்ததுன்னு விட்டிருப்பேன். யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."

"அப்ப தள்ளியாவது போடுங்க!"

"தள்ளிப்போடவும் மேல இருந்து ஒருத்தர் சொல்லணுமே."

"தூக்குல போடறதுக்கு மட்டும் யார் சார் சொல்றது?"

"அது எப்பவோ சொன்னதும்மா. கோர்ட்டு சொன்னது. கோர்ட்டை ரெண்டு பேரும் ஒத்துக்கறாங்க. அதுக்குப் புதுசா யாரும் சொல்லத் தேவையில்ல." தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "போட்டுட்டா ரெண்டு பேருமே என்னைக் கேட்க மாட்டாங்க. எதிராளி பேப்பரை நான் ஏத்துக்கல இல்ல? அவங்களுக்கு அது போதும்."

கால்ல விழுந்தேன். "ஒண்ணைக் கிழிச்சுப் போடுங்க சார், எதை வேணா கிழிங்க"ன்னு கத்தினேன். மனுஷன் கண்ணு கலங்கிடுச்சு. கலங்கி என்ன புண்ணியம்? வார்டரைக் கூப்பிட்டு என்னைத் தம்பிகிட்ட கூட்டிட்டுப் போகச் சொன்னார்.

தம்பி நீலச் சட்டையைப் பார்த்துட்டுச் சிரிச்சான். விடறாங்கன்னு அவன்கிட்ட யாரோ முந்தின நாளே சொல்லியிருக்காங்க. என்னத்தைச் சொல்றது? சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன், அவன் பொண்டாட்டி போனதைத் தவிர. "அப்ப ரெண்டு பேருமே என்னை மன்னிச்சுட்டாங்களாக்கா?"ன்னு கேட்டான். ஆமாடான்னேன். அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டான்.

வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் அந்தச் சட்டையோடயே அவனை என்கிட்ட குடுத்தாங்க.

அந்த ரெண்டு ஜனாதிபதியையும் நான் திட்டாத நாளில்ல. மழைக்கு முன்னாடி சமாதானமாயிட்டாங்க. ஒருத்தர் ஜனாதிபதி, ஒருத்தர் பிரதமர். டீக்கடையில ஜனங்க கை தட்டினாங்க. பாலத்தைத் திறந்தாங்க. அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டிருந்த தம்பி பொண்டாட்டி திரும்பி வந்தா. அவன் போன சேதி ரேடியோவுல கேட்டுத்தான் அவளுக்குத் தெரியும். ஆளே பாதியாயிருந்தா. வாசல்லயே நின்னா. உள்ள வாடின்னு கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சேன்.

ரொம்ப நேரம் அழுதா. அப்புறம் முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "அண்ணி, திட்டாதீங்க. நீங்க வேணாம்னு சொல்லியும் நான் அக்கரைக்காரர்கிட்ட போனேன். மன்னிப்பும் வாங்கிட்டேன். அவங்களே ஆள் விட்டு அனுப்பறேன்னாங்க. ஜெயிலுக்குப் போய்ச் சேர்ந்துச்சா?"ன்னு கேட்டா.

அவ முகத்தைப் பார்த்தேன்.

"சேரல. வழியில பாலத்தை அடைச்சுட்டாங்களாம்"னேன்.

"சேர்ந்திருந்தா பொழச்சிருப்பாருல்ல, அண்ணி?"

"பொழச்சிருப்பான்"னேன்.