செங்கோட்டையனுக்கு ஒரு D/o

எங்கள் பக்கத்து ஆபீஸ்காரர்களுக்கு எதையாவது சுருக்கி எழுதுவதென்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. வில்லேஜ் ஆபீஸில் தாலுக்காவைச் சுருக்குவார்கள், பள்ளிக்கூடத்தில் மாவட்டத்தைச் சுருக்குவார்கள். மலையாளத்தில் இருக்கிற அத்தனையையும் பிரித்து ஆங்கிலத்தில் எழுத வேண்டிய தலையெழுத்து மட்டும் எனக்கு. கேரள எல்லைக்குள், கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குப் போகும் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையும், அதற்குள்ளேயே ஒரு மொழிபெயர்ப்பு மேசையும் வைத்திருக்கிறேன். பெயர் கௌசிகா, எம்.ஏ. ஆங்கிலம். எனக்கு வாய் நீளம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இந்தத் தொழிலுக்கு அந்த நீளம் போதவில்லை என்பது என் கட்சி.

டி.சி. என்றால் நமக்கு மாற்றுச் சான்றிதழ். அயர்லாந்தில் உட்கார்ந்திருக்கிற ஆபீசருக்கு அது என்ன இழவென்று தெரியும்? அதனால் முதல் தடவை முழுசாக எழுதி, அப்புறம்தான் சுருக்குவேன். ஆனால் உறவைச் சொல்லும் எழுத்துகளுக்கு மட்டும் விரிவுரை கிடையாது. மகனா, S/o. மகளா, D/o. மனைவியா, W/o. இன்னார் பொறுப்பில் இருக்கிறவரா, C/o. இதெல்லாம் உலகத்துக்கே தெரியும் என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவேன். போன வாரம் செங்கோட்டையண்ணன் வரும் வரைக்கும் இதில் ஒரு தகராறும் வந்ததில்லை.

"ஏனுங் அம்முணி, இதென்னங்க எம் பேருக்கு முன்னால ஒரு சி போட்டு, கோடு போட்டு, ஓ போட்டிருக்குது?" என்று நான் கொடுத்தனுப்பிய மாதிரித் தாளை மேசைமேல் வைத்தார்.

செங்கோட்டையண்ணன் தென்னந்தோப்புக்காரர். அவருடைய தங்கச்சி மகள் ஜீவிதாவுக்கு அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. அவளுடைய சான்றிதழ்களை எல்லாம் நான்தான் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் கையில் இருந்தது இருப்பிடச் சான்றிதழ்.

"அது கேர் ஆஃபுங்ண்ணா. ஜீவிதா உங்க பொறுப்புல இருக்கறான்னு அர்த்தம்."

"அது எனக்குத் தெரியாதுங்ளா? தேங்கா லோடு அனுப்பறப்ப பில்லுல அதத்தானுங்க போடறோம். லோடு எறங்குற வரைக்கும் பாத்துக்கறவன் பேரு. நானென்ன லாரி ஆபீசுங்ளா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"அப்ப என்னதானுங்ண்ணா போடச் சொல்றீங்க?"

"சி-யை எடுத்துட்டு டி போடுங்க."

"டி போட்டா மகள்னு அர்த்தமாயிருமுங்ண்ணா."

"தெரிஞ்சுதானுங்க கேக்கறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. காலையிலிருந்து கரண்டு வேறு போவதும் வருவதுமாக இருந்தது. "வெளையாடறீங்களாண்ணா? பொறப்புச் சர்ட்டிபிகேட்டுல அப்பா பேரு ரமேஷ்குமார்னு இருக்குது. இதுல உங்க மகள்னு போட்டா, ஒரு புள்ளைக்கு ரெண்டு அப்பனான்னு அங்க இருக்கறவன் கேக்க மாட்டானா? பைலத் திருப்பிருவான். வந்த வேலையும் வேற ஆருக்காச்சும் போயிரும். அப்பறம் நானும் சீலத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு வெறும் ஜெராக்ஸ் எடுத்துட்டு உக்கார வேண்டியதுதான்!"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். கத்தியிருக்க வேண்டாமோ என்று இருந்தது.

இந்த மனுஷனைப் பற்றி ஊருக்கே தெரியும். ஜீவிதா தவழ்கிற வயசில் ரமேஷ்குமார் வாளையார் பக்கம் லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார். கைப்பிள்ளையோடு அண்ணன் வீட்டுக்கு வந்த தங்கச்சி கமலாத்தாளும், பிள்ளை சின்ன வகுப்புப் படிக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டாள். அன்றிலிருந்து அவளுக்குத் தலை பின்னி விட்டதும், வேட்டியைத் தழைத்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கூட்டத்தில் அம்மாக்களுக்கு நடுவே உட்கார்ந்ததும் இவர்தான். பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் "தங்கச்சி மவளும் எங்கூடத்தான் இருப்பா" என்று முதல் பேச்சிலேயே சொன்னார். கல்யாணம் கூடி வரவேயில்லை.

ஆனால் ஒரு நாளும் அவளை அப்பா என்று கூப்பிட விட்டதில்லை. எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் என்றால் முறைக்காரர். மாமனை அப்பா என்று கூப்பிட்டால் முறை கெட்டுவிடும், ஊர் வாயில் போட்டு மெல்லும். ஜீவிதா பெரியவளானபோது நானும் போயிருந்தேன். மாமன் சீர்த்தட்டோடு வாசலில் வந்து நின்றார். பெண் வீட்டார் சார்பில் அதை வாங்குவதற்கு உள்ளே ஆள் இல்லை. தட்டை எங்கள் கையில் கொடுத்துவிட்டு, கொல்லைப் பக்கமாகச் சுற்றி உள்ளே போய், அவரே வந்து வாங்கி வைத்தார். பெண்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தோம், அவரும் சிரித்தார்.

"அம்முணி," என்றார் மெதுவாக. "தமிழ்ல சொன்னா முறை தப்புன்னு ஊரு பேசும். மலையாளத்துல சொன்னா வில்லேஜாபீசுல ரெக்கார்டு எங்கேம்பாங்க. இங்கிலீசுன்னா நம்மூர்ல ஆரு படிக்கப் போறாங்க? ஒரே ஒரு எடத்துல அப்பிடி இருந்துட்டுப் போவுட்டும்னுதானுங்க கேட்டேன்."

என் கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. தங்கமான மனுஷன், இவருக்கு இல்லாத டி வேறு யாருக்கு என்றுதான் தோன்றியது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"முடியாதுங்ண்ணா. அவ போறது நின்னு போயிரும்."

"அய்யய்யோ, அப்ப வேண்டாமுங்க!" பதறி எழுந்துவிட்டார். "அவ போறதுக்கு எடைஞ்சல்னா எம் பேரையே அடிச்சுருங்க. நான் கேக்கவே இல்லைன்னு வச்சுக்கங்க."

"பேரையும் அடிக்க முடியாதுங்ண்ணா, மூலத்துல இருக்கறது இருந்துதான் ஆகணும்," என்று சொல்லிக்கொண்டே மலையாளத் தாளை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். ஜீவிதாவின் அம்மையுடைய சகோதரனும் ரட்சாகர்த்தாவுமான செங்கோட்டையனின் பராமரிப்பில் வசிக்கிறாள் என்று வில்லேஜ் ஆபீசர் எவ்வளவோ எழுதியிருந்தார். வரி நீள வேண்டாம் என்று நான்தான் அத்தனையையும் ஒரு சி-க்குள் அமுக்கியிருந்தேன். சரியான சுருக்கம் எது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற நான்! சுருக்கவே கூடாத இடம் இது.

எல்லாவற்றையும் முழுசாக டைப் அடித்தேன். அம்மாவின் உடன்பிறந்தவர், பாதுகாவலர், அவருடைய பராமரிப்பில் வளர்ந்து அவர் வீட்டிலேயே வசிப்பவள் என்று ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் வைத்து, அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"எம் பேருக்கு இத்தன நீளமுங்ளா?" என்று கூச்சத்தோடு சிரித்தார். "இது போதுமுங்க அம்முணி, பேஷா இருக்குது."

சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். போதும் என்றுதான் சொன்னார். ஆனால் கண் கம்ப்யூட்டரை விட்டு நகரவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. இன்னொரு தாளில் ஜீவிதா, D/o செங்கோட்டையன் என்று பெரிய எழுத்தில் அடித்து, சீல் இல்லாமல், கையெழுத்து இல்லாமல் வெறுமனே நீட்டினேன்.

"இது எங்கயும் செல்லாதுங்ண்ணா. ஆருகிட்டயும் காட்டிராதீங்க, எம் பொழப்பு போயிரும்."

அவர் அதைக் கையில் வாங்கி அந்த டி-யின்மேல் விரலை வைத்தார். அந்த நேரம் பார்த்து ஜீவிதாவின் ஸ்கூட்டி வாசலில் வந்து நின்றது. சான்றிதழ்களை வாங்கிப் போக வந்திருக்கிறாள். மனுஷன் அவசர அவசரமாகத் தாளைத் துண்டுக்குள் சுருட்டினார். நர்ஸ் கண்ணுக்குத் தப்புமா?

"என்னங் மாமா ஒளிக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல சாமி. அம்முணி தப்பா அடிச்ச காப்பி."

நான் தப்பாக அடித்ததாம்! பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஜீவிதா அவர் கையிலிருந்து தாளை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். ஒரே ஒரு வரிதான். அதைப் படிக்க அவளுக்கு வெகு நேரம் ஆயிற்று.

"அக்கா, பேனா குடுங்க."

ஜெராக்ஸ் மெஷின் மேல் தாளை வைத்து, அந்த வரிக்குக் கீழே தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"வேற எங்க செல்லாட்டியும் போவுது. எனக்கு இது செல்லுமுங் மாமா."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஜீவிதா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும்தான் அழுதேன், சொல்வதற்கென்ன வெட்கம்.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு, தாளை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"அம்முணி, இத லேமினேசன் பண்ணிக் குடுங்க."