தனியாக இருக்காத நாய்

பிரேமினி நாயைத் தேர்ந்தெடுத்த விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஹட்டனில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யமாட்டாள். பொமேரியன் ஓயாமல் குரைக்கும். அவர்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில் குரைத்தால் வரிசை வீடுகள் முழுவதும் விழித்துக்கொள்ளும். இன்னொரு சாதி மண்ணைத் தோண்டும். பக்கத்து வீட்டுப் பொன்னையாவின் முட்டைக்கோவாப் பாத்தி தாங்காது. கடைசியில் ஷிட்சூ என்று முடிவானது. சிறியது, அதிகம் சத்தம் போடாது, முடி உதிர்வதும் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாக விட்டால் ஏங்கிப்போகும் சாதி. அந்தக் குணத்துக்காகத்தான் வாங்கினாள்.

அவளுடைய அம்மா ராக்காயி போன மழையில் மலையில் சறுக்கி விழுந்தவள். முழங்கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை. ஆனாலும் விடிந்தால் கூடையை எடுத்துக்கொண்டு, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போய்விடுவாள். வேலையை விடச் சொல்லிப் பார்த்தாயிற்று, அழுதும் பார்த்தாயிற்று. வீட்டில் குந்திக்கொண்டு யாரைப் பார்ப்பது என்பதே ராக்காயியின் பதில். ஆகவே, பார்ப்பதற்கு ஓர் ஆளை மகள் கொண்டுவந்தாள்.

பாடம் முறையாக நடந்தது. தினமும் முடியைச் சீவ வேண்டும், கண்ணோரம் துடைக்க வேண்டும், வெங்காயம் பட்ட எதையும் கொடுக்கக் கூடாது. ராக்காயி தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

“முக்கியமா, தனியா மட்டும் விட்றாதீங்கம்மா. ஏங்கிப் போயிரும்.”

“பச்சப்புள்ள மாதிரிங்கிற.”

பிரேமினி மகிழ்ந்துபோய், அதேதான் என்றாள்.

அதன் பிறகு அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதும் மாலையில் வரும்போதும் அம்மா வீட்டில் இருந்தாள். மடியில் சீவி முடித்த நாய். அதற்குத் தம்பி என்று பெயரும் வைத்தாயிற்று. முழங்கால் மட்டும் ஏன் வற்றவில்லை என்று பிரேமினிக்கு விளங்கவில்லை.

ஒருநாள் மின்சாரம் போய், பரிசோதனைக் கூடத்தை நேரத்தோடு பூட்டிவிட்டார்கள். பகல் வெயிலில் வந்து பார்த்தால் வீடும் பூட்டியிருந்தது. கோவாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பொன்னையா நிமிராமலே தகவல் சொன்னார். அம்மா மலையிலாம், தம்பி புள்ளக்காம்பராவிலாம்.

கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. பிரேமினியும் அங்கே வளர்ந்தவள்தான். போய்ப் பார்த்தாள். தூங்கும் இரண்டு குழந்தைகளுக்கு நடுவே, பாயில், நெற்றி முடியில் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு நாய் படுத்திருந்தது. காம்பரா ஆயா மாரியாயிக்கு அதன்மேல் எந்தப் புகாரும் இல்லை.

“நீ இருந்தப்ப எல்லாரையும் கடிப்ப. தம்பி கடிக்கிறதே இல்ல.”

சற்று நேரத்தில் பால் கொடுக்கத் தாய்மார் இறங்கி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் காலை இழுத்துக்கொண்டு, கையில் சோற்றுக் கிண்ணத்தோடு ராக்காயி. மகளைக் கண்டதும் முந்திக்கொண்டாள்.

“வெங்காயம் போடல.”

பிரேமினி கிண்ணத்தையும் அம்மாவின் முழங்காலையும் மாறிமாறிப் பார்த்தாள். ராக்காயிக்கோ மகளின் முகம் ஏன் இப்படிப் போயிற்று என்றே புரியவில்லை. தனியாக இருக்காத புள்ளையை வேறு எங்கே விடுவது?

“ஒன்னயும் இங்கதான விட்டேன். ஏங்கியா போன?”

பிரேமினி விஞ்ஞானத்தின் துணையை நாடினாள். குழந்தைகளுக்கு நடுவே நாய் இருப்பது சுகாதாரத்துக்கு ஆகாது என்று தோட்டத்து மிட்வைஃபிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு வந்தாள். சொன்னது சரிதான். அன்றைக்கே தடை வந்தது. இனி அம்மா வீட்டில்தான் என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பித் தலை சீவிக்கொண்டிருந்தவளின் மடியில் ராக்காயி நாயைக் கொண்டுவந்து வைத்தாள். கொழுந்தெடுக்கக் கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டியாகியிருந்தது.

“காம்பராவுல இனிமே சேக்க மாட்டாங்களாம். யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்க. நீ இன்னைக்கு லீவு போடு.”

“நீங்க இருங்கம்மா.”

“எனக்கு ஏது லீவு? போகாத நாளுக்குப் பேரு விழாது, சம்பளமும் இல்ல. லீவு இருக்கிறது ஒனக்குத்தான்.”

கூடையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவள், படித்த மகள் மறந்திருப்பாளோ என்று திரும்பினாள்.

“தனியா மட்டும் விட்றாத. ஏங்கிப் போயிரும்.”

வாசலிலிருந்து பார்த்தால் மலைப் பாதை தெரியும். கல்லில் காலை ஊன்றி, நின்று, மறுபடி ஊன்றி அம்மா ஏறிப்போவதைப் பிரேமினி நாயோடு நின்று பார்த்தாள். அவள் கூப்பிடவில்லை. நாயும் குரைக்கவில்லை. குரைக்காத சாதி என்று பார்த்துத்தானே வாங்கியது.