பகையாளியைக் கூப்பிட்டு அனுப்பியவன்

தீர்ப்புக்கு வாக்காகப் போட வேண்டிய வெண்கலத் தட்டுகள் இரண்டும் யூக்டெமோனின் கைகளில் கனத்தன. நடுத்தண்டில் துளை இருந்தால் தண்டனை, இல்லாவிட்டால் விடுதலை. ஏதென்ஸின் நடுவர்கள் எல்லோரையும் போல அவனும் தண்டின் முனைகளை விரல்களால் மறைத்தபடி வரிசையில் நகர்ந்தான்.

கோயிலின் வெள்ளிக் கிண்ணத்தைத் திருடியதாக டெக்ஸிதேயோஸ் மீது வழக்கு. சாட்சி ஒருவன்தான், அவனும் அரையிருட்டில் முதுகைத்தான் பார்த்தானாம். அந்த முதுகை யூக்டெமோனுக்கு நன்றாகத் தெரியும். எல்லைப் போரில் யூக்டெமோனின் தம்பிக்குப் பக்கத்தில் நின்ற டெக்ஸிதேயோஸ், கேடயத்தை எறிந்துவிட்டு ஓடினான். காவலற்றுப்போன அந்தப் பக்கமாகத்தான் ஈட்டி வந்து தம்பியைக் கொன்றது. இவன் நாசமாகப் போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அன்றிலிருந்து தெய்வங்களை நச்சரித்து வந்தான் யூக்டெமோன். இப்போது அவை அதைக் கையிலேயே கொடுத்துவிட்டன. எதைப் போட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. தனக்குத் தெரியுமே என்பதுதான் தொல்லையாக இருந்தது. பகையை வெளியே வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வேன் என்று சத்தியம் செய்த வாய் இன்னும் உலரவில்லை. துளையில்லாத தட்டைப் போட்டான்.

அப்படியும் மரண தண்டனைதான் ஆயிற்று.

"வேண்டிக்கிட்டது பலிச்சிருச்சு. அப்புறம் ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீங்க?" என்றாள் மனைவி திமாரெத்தே. அவன் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் சிறைக் காவலாளி வாசலில் வந்து நின்றான். "அவன் உங்களைத்தான் கேக்கறான். பொண்டாட்டியக்கூட வீட்டுக்கு அனுப்பிட்டான்."

சிறையில் டெக்ஸிதேயோஸ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"வாடா. தட்டைப் போட்டப்ப கை குளுகுளுன்னு இருந்திச்சா?"

"விடுதலைக்குப் போட்டேன்."

டெக்ஸிதேயோஸ் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "நெசமாவா? கிண்ணத்தை நான் எடுக்கலன்னு நம்புறியா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீ எடுத்தேன்னு வழக்குப் போட்டவங்க காட்டல. அவ்வளவுதான்."

"தம்பிக்காகவாவது தண்டனைக்குப் போட்டிருக்கலாமே..."

"அதுக்கு உன்னை மன்னிக்கல. அது வேற வழக்கு."

டெக்ஸிதேயோஸ் தலையைக் குனிந்துகொண்டான். "இந்த வாட்டி நான் ஓடலைன்னு யாராவது பாக்கணும்டா. மத்தவன் பாத்தா இரக்கப்பட்டுப் பொய் சொல்லுவான். நீ சொல்ல மாட்டே."

காவலாளி நஞ்சுக் கோப்பையை நீட்டினான். டெக்ஸிதேயோஸ் அதை இரண்டு கையாலும் வாங்கினான். முழுவதையும் கண்ணை மூடாமல் குடித்தான். சிறிது நடந்தான். கால் கனத்ததும் படுத்துக்கொண்டான்.

"பயமா இருக்கா?" யூக்டெமோன் கேட்டான்.

"இருக்கு. ஆனா படுத்துத்தானே கெடக்கேன்." சற்றுப் பொறுத்து, "பாதம் ஜில்லுன்னு ஆவுது" என்றான்.

யூக்டெமோன் எழுந்து போய்க் கால்மாட்டில் உட்கார்ந்தான். அந்தப் பாதங்களை எடுத்து மடியில் வைத்து, உள்ளங்கையால் தேய்க்க ஆரம்பித்தான். காவலாளி அவன் தோளைத் தொட்டு, "போதும் ஐயா, உசுரு போயிருச்சு" என்றான். அவன் காதில் அது விழவில்லை. குதிகால், விரல்கள், மறுபடி குதிகால் என்று தேய்த்துக்கொண்டேயிருந்தான்.