சும்மா கிடக்க வேண்டிய இழை

திரையில் பாரத்தைக் காட்டும் கோடு பேருக்குக் கொஞ்சம் ஏறி நின்றுவிட்டது. தூக்கு வண்டியின் நீண்ட கை கூரையைப் பார்த்து நீட்டியிருக்க, நுனியில் தொங்கிய கூடையில் சோதனைக்கு ஏற்றிய மணல் மூட்டைகள் நிறைந்திருந்தன. "நம்ம கைராசி செஞ்சது. இவ்வளவு பாரத்துக்கும் அலுங்கல பாருங்க" என்றார் இன்ஜினியர். திரைக்குப் பக்கத்தில் நின்ற அவளுக்குப் பட்டறையில் கைராசி என்றுதான் பெயர். அவள் கை பட்ட எதுவும் இதுவரை குப்பைக்குப் போனதில்லை. இன்று அந்தப் பெயரைக் கேட்டதும் திரையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள்.

கண்ணாடி நார்த் துணியை அடுக்கி, ரெசின் பசை ஊற்றி அந்தக் கையைச் செய்தவள் அவள்தான். அடுக்குகளுக்கு நடுவே முடி போன்ற இரண்டு ஒளி இழைகளைப் புதைத்திருந்தாள். ஒன்று துணியோடு ஒட்டிக்கொண்டு, கை எவ்வளவு இழுபடுகிறது என்று சொல்லும். ஆனால் சூட்டுக்கும் அது நீளும். எது பாரம், எது சூடு என்று பிரிக்கத் தெரியாது. அதனால் இன்னொன்றை மெல்லிய குழாய்க்குள் எதிலும் ஒட்டாமல் சும்மா கிடக்க விடுவார்கள். அது சூட்டை மட்டும் சொல்லும். முதல் கணக்கிலிருந்து அதைக் கழித்தால், மிச்சம் பாரம்.

கை செய்த அன்றே குழாய் வாயில் ரெசின் கசிந்திருந்ததைப் பார்த்தாள். துடைத்தாள். உள்ளே எவ்வளவு போயிற்றோ, அந்த இழையும் ஒட்டிக்கொண்டதோ. ஒட்டியிருந்தால் அதுவும் சேர்ந்து இழுபடும். கழித்துப் பார்த்தால் எந்தப் பாரமும் பாரமில்லை என்றுதான் திரை சொல்லும். வாயைத் திறந்தால் கை முழுவதும் குப்பைக்குப் போகும், கூடவே அவள் பெயரும். பெயருக்கு ஆசைப்பட்டு வாயை மூடிக்கொண்டாள்.

மூட்டைகளை இறக்கினார்கள். அடுத்து ஆள் ஏற வேண்டும். ஏறுகிறவன் அவள் கணவனின் தம்பி. சொல்லி அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவள்தான். இடுப்பு வாரை மாட்டியபடி சிரித்தான்.

"அண்ணி சமையலையே இத்தனை வருஷம் நான் தாங்கிட்டேன். அண்ணி செஞ்ச கை என்னைத் தாங்காதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். அதற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. காலையில் அவன் மகளுக்கு அவள்தான் தலை பின்னிவிட்டிருந்தாள்.

கூடை தரையை விட்டு எழும்பியது.

"தம்பி, இறங்குப்பா."

"என்ன அண்ணி, பயமா?"

"சார், நிறுத்தச் சொல்லுங்க. குழாய்க்குள்ள ரெசின் போயிருக்கு. அன்னைக்கே பாத்தேன். சொல்லல."

கூடை ஆளுயரத்தில் நின்றது. இன்ஜினியர் முகத்தில் பழைய சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. அவள் வண்டிக் கையின் அடிப்பக்கம் போய், குழாயிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இழையை இரண்டு விரலால் பிடித்தாள். சும்மா கிடக்கும் இழை லேசாக இழுத்தாலே வழுக்கிக்கொண்டு வர வேண்டும். இழுத்தாள். வரவில்லை. மேலே கூடை விளிம்பைப் பிடித்தபடி அவன் குனிந்து அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.