புது பேரிங் ரெண்டு

ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய். மராத்தி ஊரான நிக்டியில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்துப் பாட்டு ஆல்பம் போட்டுக்கொண்டிருந்த பேண்டுக்காரர்கள் மூன்று பேரும் கோவிந்தராஜுக்குத் தரவேண்டிய பாக்கி. பில்லைத் தன் கையாலேயே எழுதி, நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். எழுத்துப் படித்ததே ஐம்பது வயதுக்குமேல், பக்கத்துச் சாங்வியில் நடந்த ஞாயிறு தமிழ் வகுப்பில். வாழ்க்கையில் அவன் எழுதிய முதல் பில் அது.

அவர்கள் பாட்டு, பாட்டு மாதிரி இருக்காது. கம்ப்யூட்டர், ஒயர், திருகுகிற குமிழ்கள், நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு பழைய புளோயர், பட்டறையில் காற்றடிக்கும் மெஷின். கோவிந்தராஜ் இருபத்திரண்டு வருடம் ஃபிட்டராக இருந்த பட்டறையை மூடியபோது அவர்கள் ஏலத்தில் எடுத்தது. ஓட்டிக்கொடுக்க அவனையே தினக்கூலிக்கு வைத்துக்கொண்டார்கள். சுவிட்சைப் போட்டால் உள்ளே பேரிங் கதறும். மூன்று பேரும் மைக்கைப் பக்கத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள்.

கோவிந்தராஜுக்கு உடம்பெல்லாம் கூசும். பட்டறையில் மெஷின் கத்தினால் சூப்பர்வைசர் திட்டுவது மெஷினை அல்ல, ஃபிட்டரை. இந்தப் பிள்ளைகள் மரியாதைக்காக வாய் திறக்காமல் இருக்கிறார்கள் என்றே எட்டு மாதமாக நினைத்திருந்தான். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாதபோது ஷெட்டைத் திறந்து, பேரிங் இரண்டையும் கழற்றி மாற்றி, கிரீஸ் வைத்து மூடினான்.

திங்கட்கிழமை மத்தியானம், பேண்டில் ரெக்கார்டிங் பார்க்கும் ஷ்ரேயஸ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கையைக் காட்டினான். கோவிந்தராஜ் சுவிட்சைப் போட்டான். புளோயர் பட்டுப்போல் சுற்றியது.

ஷ்ரேயஸ் ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தான். மறுபடி மாட்டினான்.

“அங்கிள், அந்த சத்தம் எங்க?” என்றாள் ப்ரீதி. பக்கத்து வாகட்டில் வளர்ந்த தமிழ்ப் பெண்; மூன்று பேரில் தமிழ் தெரிந்தவள் அவள்தான், படிக்க மட்டும் எழுத்துக்கூட்டுவாள்.

“போச்சும்மா! இனிமே நீங்க கூப்புட்டாலும் வராது. நான் கை வச்ச மெஷின் பாருங்க.”

யாரும் சிரிக்கவில்லை. ப்ரீதி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“அங்கிள்... மத்லப்... அதாவது... அந்த சத்தம்தான் எங்க பாட்டு. எட்டுப் பாட்டு முடிஞ்சுது. கடைசிப் பாட்டுல அது மட்டும்தான். சுவிட்ச் போட்டதுலேருந்து நிக்கிற வரைக்கும், பதினாறு நிமிஷம், ஒரே டேக்ல எடுக்கணும், இன்னும் எடுக்கல. வியாழக்கிழமை ஆல்பத்த குடுத்தாகணும்.”

கோவிந்தராஜ் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கையைத் துடைத்துக்கொண்டான்.

“தப்பு எங்களதுதான். உங்களுக்குச் சொல்லவே இல்ல. செலவு பண்ணியிருப்பீங்களே, பில் இருக்கா? குடுத்துடறோம்.”

அவள் திட்டியிருந்தால் தேவலை. வேறு வழி தெரியாமல் பில்லை நீட்டினான். அவள் ஒவ்வொரு எழுத்தாக, ஷெட் முழுக்கக் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தாள்.

“பு... து... புது. பே... ரிங் ரெண்டு. ஆயிரத்து இருநூத்தி நாப்பது. கி... ரீஸ் நூறு. ஞாயிறு கூ... லி ஐநூறு. சரியாப் படிச்சேனா அங்கிள்?”

“சரிதாம்மா.”

அந்த முதல் வார்த்தையை எழுதியபோது அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. காதில் விழுந்தபோதுதான் முகம் எரிந்தது. புதுசும் இல்லை, ஆயிரத்து இருநூற்று நாற்பதும் இல்லை. பழைய இரும்பு வாங்கும் பங்கார் கடையில் பழசைப் போட்டுவிட்டு, ஓரளவு நல்ல பழசு இரண்டை, மேலே முந்நூறு கொடுத்து எடுத்து வந்தான். கிரீஸும் கூலியும் மட்டுந்தான் நிஜம்.

“பழசு எங்க இருக்கு? அதையே மாட்டிடலாமே?”

“பங்கார் கடையில போட்டேம்மா. நான் போய்ப் பாத்துட்டு வரேன்.”

“நடந்தா? ஸ்கூட்டர்ல ஏறுங்க.”

வழியெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து திறந்து மூடினான். ஒவ்வொரு சிக்னலிலும், பச்சை விழட்டும், அடுத்ததில் சொல்லலாம் என்று தள்ளினான். கடை வந்துவிட்டது.

கடைக்கார ஜெயசீலன் அவனுக்கு ஊர்க்காரன். தூரத்திலேயே பிடித்துக்கொண்டான்.

“என்ன மச்சான், நேத்து குடுத்த முந்நூறு ரூவா சரக்கு அதுக்குள்ள புட்டுக்கிச்சா? செகண்டு ஹேண்டுக்கெல்லாம் கேரண்டி கெடையாது, சொல்லிட்டேன்!”

ப்ரீதி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது. பிறகு ஹெல்மெட்டை ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டிவிட்டு, “எந்தக் குவியல் அங்கிள்?” என்று மட்டும் கேட்டாள்.

அவன் மண்டியிட்டு உட்கார்ந்தான். கிடைத்த பேரிங்கையெல்லாம் விரலில் மாட்டிச் சுற்றிக் காதருகே வைத்தான். எந்தச் சத்தத்தை ஒழிக்கச் சம்பளம் வாங்கினானோ அதையே இப்போது தேடினான். எதிரே அவளும் அதே மாதிரி சுற்றிச் சுற்றி நீட்டினாள். “இதுவா?” “இல்லம்மா.” வெயில் சாயும்போது ஒன்று அகப்பட்டது. மற்றொன்று கிடைக்கவே இல்லை.

ஒன்றை மாட்டி ஓட்டினார்கள். கதறல் வந்தது. முன்னே இரட்டைக் குரலாக இருந்தது, இப்போது ஒற்றையாக, இடையிடையே மூச்சு வாங்குவதுபோல் வந்தது.

“பஹ்லே ஜைசா நஹீ ஹை,” என்றான் ஷ்ரேயஸ். பழையபடி இல்லைதான். கொஞ்சநேரம் கேட்டிருந்துவிட்டு ரெக்கார்டிங் பட்டனை அழுத்தினான். பதினாறு நிமிஷமும் கோவிந்தராஜ் சுவரைப் பார்த்தபடி நின்றான்.

முடிந்ததும் ப்ரீதி பர்ஸைத் திறந்தாள். பில்லையும் பக்கத்தில் வைத்தாள். “கிரீஸ், கூலி... முந்நூறு... தொள்ளாயிரம் ஆகுது அங்கிள்.”

நோட்டுகளை எண்ணி பில்மேல் வைத்தாள். அவன் பணத்தைத் தொடவில்லை.

“பேனா குடும்மா.”

பில்லை ஸ்டூலில் வைத்துக் குனிந்தான். ‘புது’ என்பதை அடித்தான். மேலே ‘பழைய’ என்று எழுதினான். அப்புறம் கீழே இரண்டு வார்த்தை எழுத வெகுநேரமாயிற்று. எழுதியதை அவள் பக்கம் திருப்பினான்.

“பா... க்கி... இல்... லை,” என்று படித்தாள் ப்ரீதி.

“சரியாப் படிச்சம்மா,” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.